பேரீச்சம்பழத்துக்குப் போன வால்வு

எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில் ஸ்பீக்கர் ஒன்றே ஒன்று. திரைக்குப் பின்னால், ஒரு மரப்பெட்டிக்குள். ஆபரேட்டர் அறையில் வால்வு ஆம்ப்ளிஃபயர் சூடேறிக் கிடக்கும். வெளியே டீசல் இன்ஜின் தடதடக்கும். உள்ளே முறுக்கு விற்கிறவன் குரல், மணலைக் குவித்து உட்கார்ந்தவனோடு பின்னால் இருப்பவன் போடும் சண்டை. இத்தனையிலும் வசனத்தில் ஓர் எழுத்து தப்பாது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்போம்.

இன்று என் ஹாலில் ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர். கதாநாயகன் என்ன சொல்கிறான் என்று புரியாமல், தமிழ்ப் படத்துக்கு இங்கிலீஷ் சப்டைட்டில் போட்டுப் பார்க்கிறோம்.

வசனம் பெரும்பாலும் சென்டர் ஸ்பீக்கரில்தான் வருகிறது. அதற்கு மட்டும் ஒரு வால்வு ஆம்ப் வைத்தால் குரலில் சதை பிடிக்கும் என்று எனக்கு ஓர் எண்ணம். காரணம், எங்கள் வீட்டுப் பழைய ரேடியோ. ஸ்விட்சைத் திருப்பினால் உடனே பேசாது. அரை நிமிஷம் யோசிக்கும். பச்சைக் கண் மெல்லத் திறக்கும். அப்புறம்தான் இலங்கை வானொலி. தபாலாபீஸில் வருஷாவருஷம் லைசன்ஸ் கட்டிக் காப்பாற்றிய பொருள். டிரான்சிஸ்டர் வந்ததும் அப்பா அதைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டார். பதிலுக்கு ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம் வந்தது. அதிகம் தின்றது நான்தான்.

அதில் பாடிய வால்வு இஎல்84. ரிச்சி தெருவில் அதே எண்ணைச் சொல்லிக் கேட்டேன். கடைக்காரர் பஞ்சுப் பொதியிலிருந்து எடுத்துக் காட்டி, ஜோடி நாலாயிரம் என்றார். எதற்கு என்று சொன்னதும் திரும்பப் பொதிந்துவிட்டார்.

“சென்டருக்கு வேணாம் சார். முன்னாடி மூணு ஸ்பீக்கரும் ஒரே தொண்டையில பேசணும். நடுவுல மட்டும் வால்வு போட்டா, இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் போற கார் நடுவுல வேற காராயிடும்.”

அதோடு விடவில்லை. ரிசீவரில் சென்டருக்கு வேறு ஆம்ப் மாட்ட ப்ரீ-அவுட் உண்டா? ஸ்பீக்கர் 8 ஓமா, 4 ஓமா? ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும், தெரியுமா? உள்ளே 300 வோல்ட். அணைத்த பிறகும் கண்டன்சர் பிடித்து வைத்திருக்கும். வீட்டில் குழந்தைகள் உண்டா? பெண் கொடுக்கிறவர்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்.

“இந்த ஜோடி தர்ற 15 வாட் போதாதா?” என்றேன்.

“தாராளம். பேச்சுக்கு ஒண்ணு ரெண்டு வாட்டே போதும். உங்க 100 வாட் ரிசீவரும் அவ்வளவுதான் குடுத்துட்டிருக்கும். சென்டரை எங்க வெச்சிருக்கீங்க?”

டிவி அலமாரியின் கீழ்த்தட்டில், உள்ளே தள்ளி. ஐந்து வருஷமாக அந்த ஸ்பீக்கர் என் முழங்காலுக்கு வசனம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து தட்டின் விளிம்புவரை இழுத்து, முன்பக்கத்தைத் தூக்கி, காதைப் பார்க்கத் திருப்பினேன். ரிசீவரில் சென்டரை 3 டெசிபல் ஏற்றினேன். வசனம் புரிந்தது. புரிந்த பிறகு சில படங்களைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று.

வால்வு ஆம்ப் வாங்கினேனா என்றால், வாங்கினேன். ராத்திரிப் பாட்டுக்கு, இடது வலதுக்கு மட்டும். சென்டருக்கு முட்டுக் கொடுத்திருப்பவை இரண்டு தீப்பெட்டிகள்.