முள்ளில் நூலும் அலமாரியில் நூலும்

சின்ன மீனைப் போட்டுப் பெரிய மீனைப் பிடிப்பது உலக வழக்கு. சின்ன மீன்கூடப் போடாமல், முள்ளில் துளி இறகைக் கட்டி ஈ என்று நம்பவைத்து ஆற்று டிரவுட் மீனைப் பிடிப்பது ஈத்தூண்டில் வழக்கு. இதை ஆராய்ந்து யாம் கண்ட நூற்பா: 'முள்ளில் நூல் குறையக் குறைய அலமாரியில் நூல் பெருகும்.' முன்னது இழை, பின்னது புத்தகம் என்க.

முதற் சான்று, சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மொழியில் எழுதிய ஈலியன். மாசிடோனியாவின் அஸ்த்ரேயஸ் ஆற்றில் புள்ளி மீன்கள் தின்னும் ஈயை மனிதன் தொட்டாலே நிறம் மங்கி இறகு வாடிவிடுமாம். ஆகவே அவ்வூரார் முள்ளில் சிவப்புக் கம்பளியைச் சுற்றி, சேவலின் தாடிக்கடியில் பிடுங்கிய இரண்டு இறகுகளைச் சேர்த்துக் கட்டினார்கள். ஆறடிக் கோல், ஆறடிக் கயிறு. செய்தி சில வரிகளில் முடிந்தது, மீனும் கிடைத்தது.

இறகு கூடினால் மீன் கூடும் என்பாரும் உளர். அவர்கள் இறகு விற்பவர்கள்.

1886இல் இங்கிலாந்தின் ஹால்ஃபோர்டு மிதக்கும் ஈக்களுக்கென்றே புத்தகம் போட்டார். அவர் ஈக்களில் இழையும் இறகும் ஏராளம். இது எம் நூற்பாவோடு இடிக்கிறது. ஆய்வுலக மரபுப்படி விதிவிலக்கு என்று ஒதுக்குகிறோம். நீர்மேல் மிதப்பதைத்தான் போடலாம் என்பது அவர் சீடர்களின் ஆசாரம். மறுத்தவர் ஸ்கூஸ் என்ற வக்கீல். வக்கீலுக்குச் சாட்சி வேண்டுமே! பிடித்த மீனின் வயிற்றுக்குள் நீளக் கரண்டியை விட்டு, வந்ததை வெள்ளைத் தட்டில் தண்ணீர்விட்டு அலசினார். சிறகு முளைக்காத நீரடிப் பூச்சிகள் கிடந்தன. 1910இல் நூலாகவே எழுதியும் வழக்கு ஓயவில்லை. 1938இல் லண்டனில் ஈத்தூண்டில்காரர் சங்கம் கூடி விவாதித்தது. ஸ்கூஸுக்கு ஏறக்குறைய எண்பது வயது. மீன் தரப்பில் யாரும் ஆஜராகவில்லை.

அந்த நீரடிப் பூச்சிக்குப் போலி கட்டப் புகுந்த இங்கிலாந்தின் ஏவன் ஆற்றுக் காவலர் ஃபிராங்க் சாயர் முள்ளிலிருந்து நூலையே விரட்டினார். மெல்லிய செம்புக் கம்பியை முள்ளில் சுற்றித் திமில் எழுப்பினார். ஃபெசன்ட் பறவையின் வால் இழைகள் சிலவற்றை அதே கம்பியோடு முறுக்கிச் சுற்றி, நுனிகளை வாலாக நீட்டிவிட்டார். கால் வைக்கவில்லை. ஏனய்யா என்றால், நீந்தும்போது அந்த நீரடிப் பூச்சி காலை உடம்போடு ஒட்டிக்கொள்கிறது. கரையில் மணிக்கணக்காகக் குனிந்து பார்த்தவருக்குத்தான் இது தெரியும்.

நூற்பாவின்படி, நூலே இல்லாத ஈக்கு நூல்கள் எண்ணிலடங்கக் கூடாது. சாயரே 1958இல் தொடங்கிவைத்தார். மற்றவர்கள் இன்னும் எழுதுகிறார்கள். யாமும் எழுதினோம். இந்தத் தாள் இப்போதே அவர் ஈயைவிடக் கனம்.