பந்துக்குள் பந்து

அனிமேஷன் வகுப்பில் அலங்கரித்த கிறிஸ்துமஸ் மரம் செய்யச் சொல்லிவிட்டார்கள். ஊசியிலையை ஒவ்வொன்றாக ஒட்டினால் ஈஸ்டரே வந்துவிடுமே?

ஒவ்வொன்றாக ஒட்டச் சொன்னது யார்? பிளெண்டர் மென்பொருளில் ஒரு கிளை, ஒரு பந்து செய்யுங்கள், மற்றதெல்லாம் அவற்றோடு இணைந்த நகல். ஆயிரம் இடத்தில் தெரிந்தாலும் நினைவகத்தில் வடிவம் ஒன்றுதான். நகல்களைக் கொஞ்சம் திருப்பி, சிறிதும் பெரிதுமாகப் போடாவிட்டால் மரம் போலீஸ் அணிவகுப்பு ஆகிவிடும்!

கிளைகள் எப்படிப் பிரிய வேண்டும் என்பதற்கும் விதிகள் உண்டு. பாசி போன்ற எளிய உயிர்களின் வளர்ச்சியை விளக்க, 1968-இல் அரிஸ்டிட் லிண்டன்மேயர் என்ற உயிரியலாளர் வகுத்த விதிகள்தான் பின்னாளில் திரையில் மரம் வளர்க்க உதவின.

உங்களைப் படுத்தப்போவது இலை அல்ல, பளபளக்கும் பந்துகள். இந்தப் பந்துக்குள் அந்தப் பந்து, அதற்குள் மறுபடி இது! எதிரொளிப்பை இரண்டு மூன்று தடவையோடு நிறுத்துங்கள். பார்ப்பவர் எண்ணப்போவதில்லை.