மெதுவாக் குடுங்கண்ணா

திருப்பூரில் பதினாறு மெஷின் வைத்துப் பனியன் ஜாப் ஒர்க் செய்கிறேன். சட்டம் தெரியாதவன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. பேக்கரியில் டீ குடிக்கிற எல்லோரிடமும் கேட்டு வைத்திருக்கிறேன். வக்கீலிடம் மட்டும் போவதில்லை. அவர் காசு கேட்பார்.

ஒரு பார்ட்டியின் செக் திரும்பி வந்தது. ரிட்டர்ன் மெமோ கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அது சேர்ந்து 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் கேஸ். பிரிவு 138, எனக்கு அத்துப்படி. ஆனால் பார்ட்டி தூரத்துச் சொந்தம். நோட்டீஸ் விட்டுவிட்டு, கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் எப்படி உட்காருவது? போன் போட்டு, "அதுக்கென்னங்ணா, மெதுவாக் குடுங்க" என்றேன். இன்னும் மெதுவாகத்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

கடைசியில் வக்கீலிடம் போனபோது செக்கின் மூன்று மாத ஆயுளும் முடிந்திருந்தது. "மறுபடி பேங்க்ல போடவும் முடியாது. சரி, பாக்கிக்கு 3 வருஷம் டைம் இருக்கு. உத்யம் பதிவு இருக்கா? 45 நாளுக்கு மேல இழுத்தா, பேங்க் ரேட் மாதிரி மூணு மடங்கு கூட்டு வட்டி கேக்கலாம்."

"இருக்குங்க. பிரேம் போட்டு மாட்டியிருக்கேன்."

"டெலிவரி சலான்ல கையெழுத்து?"

"அவங்க பையன்தானுங்க வந்து எடுத்துட்டுப் போவான்."

"பாக்கி இருக்குன்னு அவர் ஒரு மெசேஜாவது போட்டாரா?"

எல்லாம் வாய்ப்பேச்சு. வக்கீல் பேனாவை மூடிவிட்டார்.

எழுதவே மாட்டேன் என்றில்லை. எங்கள் கட்டிங் மாஸ்டர் எதிர் கம்பெனிக்குப் போன அன்று ராத்திரி வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதினேன். பிறகு அவர் கிராஜுவிட்டி கேட்டார். அதற்கு ஐந்து வருஷ சர்வீஸ் வேண்டும் என்பதால், லேபர் ஆபீசில் கூசாமல், "வந்து மூணு வருஷம்தானுங்க ஆச்சு" என்றேன். மாஸ்டர் ஒன்றும் பேசாமல் போனை நீட்டினார். அதிகாரி சத்தமாகவே வாசித்தார்: "எட்டு வருஷமா எங்க உப்பத் தின்னுட்டு..." நான் வரிசையாகப் போட்டிருந்த சிவப்பு மூஞ்சிப் பொம்மைகளை மட்டும் பெரிய மனசு பண்ணி விட்டுவிட்டார்.

கடைசிச் சம்பளம் 18,000. 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, எட்டு வருஷத்துக்கு 83,077 ரூபாய். மாஸ்டர் அதை முன்னமே ஒரு துண்டுச் சீட்டில் போட்டு வைத்திருந்தார். துணியிலும் அவர் இஞ்ச் விட்டதில்லை.

பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, "ரசீது எழுதித் தரட்டுங்களா?" என்றார்.

"நமக்குள்ள எதுக்குங்க மாஸ்டர் ரசீ..." என்று ஆரம்பித்தேன். கூட வந்திருந்த வக்கீல் என் காலை மிதித்தார்.