கலகத்தை அடக்கியவரின் சரக்கு

கேள்வி: அமெரிக்காவின் 'ரை' விஸ்கியில் அப்படி என்ன விசேஷம்? அதன் பூர்வோத்தரம் என்ன?

பதில்: விசேஷம் அதன் காரத்தில் இருக்கிறது. மக்காச்சோளத்தைப் பிரதானமாகக் கொண்ட போர்பன், இனிப்புப் பேசி நாவை வசப்படுத்தும் சுபாவமுடையதென்றால், ரை தானியம் குறைந்தபட்சம் 51 சதவிகிதமாவது சேர வேண்டுமென்று சட்டமே விதித்திருக்கும் இந்த விஸ்கியோ, மிளகும் கிராம்பும் இலவங்கப்பட்டையும் கலந்தாற்போன்ற உஷ்ணத்தோடு, வந்தவுடனேயே வாதத்தைத் தொடங்கிவிடும். உட்புறம் கருக்கிய புதிய ஓக் பீப்பாயில் வாசம் செய்வதால் கிடைத்த வனிலா மணம் சற்றே சமாதானம் செய்துவைக்கும்.

பூர்வோத்தரம் இன்னும் ருசிகரமானது. 1791-இல் விதிக்கப்பட்ட மதுவரியை எதிர்த்து, ரை பயிரிட்டுக் காய்ச்சி வந்த மேற்குப் பென்சில்வேனியா விவசாயிகள் 1794-இல் கலகம் செய்ய, அதை அடக்கப் படையுடன் தாமே புறப்பட்ட ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன், பதவியிலிருந்து இறங்கிய 1797-ஆம் ஆண்டிலேயே, ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் யோசனைப்படி, மவுண்ட் வெர்னான் பண்ணையில் ரை விஸ்கி காய்ச்சும் சாலையொன்றை ஆரம்பித்தார்! (உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு ஏதாவது பொழுதுபோக்கு வேண்டாமா?) அடிமைகளின் உழைப்பில் நடந்த அந்தச் சாலை 1799-இல் ஏறக்குறைய 11,000 காலன் உற்பத்தி செய்தது. பீப்பாயில் முதிரவைக்கும் பொறுமை அக்காலத்து வியாபாரத்துக்கு இல்லாமையால், பெரும்பாலும் நிறமற்ற சரக்காகவே அது விலைபோயிற்று. கலகக்காரர்கள் மறுத்த அந்த வரியை வாஷிங்டன் தம் சாலைக்காகச் செலுத்தினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.