பந்துக்கு முந்து!

1997-இல் ஜப்பானின் நகோயாவில் தொடங்கிய ரோபோகப் கால்பந்துப் போட்டிக்கு ஒரு சின்ன ஆசை. 2050-க்குள் மனித உலகச் சாம்பியனை ரோபோ அணி ஃபிஃபா விதிப்படியே தோற்கடிக்க வேண்டுமாம். நாள் நெருங்குகிறது. நீங்களும் ஓர் அணி சேர்க்க, இதோ வழிமுறை.

1. ஐந்து 'நாவோ' ரோபோக்களை வாங்குங்கள். உயரம் 58 செ.மீ. நடை, நேற்றுத்தான் நடக்கக் கற்ற குழந்தையுடையது. ரிமோட் கிடையாது. ஆட்டம் தொடங்கியதும் ஓரத்தில் நின்று பல்லைக் கடிப்பது மட்டுமே உங்கள் வேலை. அவற்றுக்குக் காது உண்டு. நடுவரின் விசிலைக் கேட்பதற்கு. பக்கத்து மைதானத்து விசிலுக்கும் கிளம்பினால் பதறாதீர்கள்.

2. "பந்தைக் கண்டால் போ" என்று மட்டும் நிரல் எழுதுங்கள். ஐந்தும் பந்தி திறந்த கல்யாண மண்டபம்போல மொய்த்து, ஒன்றன்மேல் ஒன்று சாயும். பந்து மட்டும் தனியே உருண்டு போகும்.

3. புத்தி வந்ததா? இனி, "நான் பந்தை அடைய எத்தனை விநாடி?" என்று ஒவ்வொன்றும் கணக்கிட்டு வைஃபையில் சொல்லட்டும். திரும்பும் நேரம், விழுந்து கிடந்தால் எழும் நேரம் எல்லாம் சேர்த்துத்தான். குறைவாகச் சொன்னவர் போகலாம். முதல் ரோபோ 3.1 என்கிறது, இரண்டாவது 3.2. அடுத்த நொடியே கணக்கு தலைகீழ். இது ஓரடி வைத்து நிற்கிறது. அது ஓரடி வைத்து நிற்கிறது. "நீங்க போங்க", "பரவால்ல, நீங்க போங்க". எதிரணி வந்து பந்தைக் கொண்டுபோகிறது. மருந்து எளிது: ஏற்றுக்கொண்ட வேலையை, இன்னொருவர் ஒரு விநாடியாவது முந்தினாலொழிய விடக்கூடாது.

4. முன்பு ஒரு கோல் மஞ்சள், மற்றது நீலம். இப்போது இரண்டும் வெள்ளை. மைதானத்தின் இரு பாதிகளும் கண்ணாடிப் பிம்பங்கள். குப்புற விழுந்து எழுந்த ரோபோவுக்குத் திசை மாறிவிட்டால், முழு நம்பிக்கையோடு சொந்த கோலை நோக்கி உதைக்கும். ஆகவே கற்றுக்கொடுங்கள்: பந்து அந்தப் பாதியில் என்று நாலு பேர் சொல்லும்போது உனக்கு மட்டும் இந்தப் பாதியில் தெரிந்தால், திரும்பி நிற்பது நீதான்.

5. ஆட்டத்துக்கு முந்தைய இரவு நிரலைத் தொடாதீர்கள். தொடுவீர்கள். நடுநிசியில் உங்கள் அணிக்கு நிரல் எழுதும் ஐந்து மாணவர்களில் ஒருவர் ஒரு வரியைத் திருத்துவார். அது தெரியாமல் இன்னொருவர் அதே வரியைப் பழையபடி மாற்றுவார். காலையில் கோல்கீப்பர் கோலுக்கு முதுகைக் காட்டாமல், பந்துக்குக் காட்டிக்கொண்டு நிற்கும். யார் மாற்றியது என்று கேட்டால், ஐந்து மாணவர்களும் ஒருவரையொருவர் பார்ப்பார்கள்.

அப்போது மூன்றாம் விதியை எடுத்து மறுபடி படியுங்கள். இந்த முறை, ரோபோக்களுக்காக அல்ல.