தமிழ்த் திரை நீதிமன்றங்களில் வாய்தா இன்மை: ஓசூர் எல்லையிலிருந்து ஓர் ஆய்வு

தமிழ் சினிமா வக்கீல் ஜெயிப்பது வாதத் திறமையால் அன்று, அவருக்கு வாய்தாவே விழுவதில்லை என்பதால்தான். இதுவே நம் கருதுகோள். ஆய்வுக் களமாக ஓசூரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. இங்கே சுத்தியல் வேண்டுமென்றால் சிப்காட் பட்டறைக்குத்தான் போக வேண்டும். இந்திய நீதிபதி எவர் மேசையிலும் அது கிடையாது. திரையில் மட்டும் "ஆர்டர் ஆர்டர்" என்று தட்டித் தட்டியே பல மேசைகள் தேய்ந்துபோயின. கீதை மேல் கைவைத்துச் செய்யும் சத்தியமும் அப்படியே. 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி சாட்சிக்குப் புத்தகம் தேவையில்லை, வாயால் சொன்னால் போதும்.

முன்னோடி நூல்களுக்கு வருவோம். 'பராசக்தி'யில் (1952) கூண்டில் தங்கை, நீதிபதி இருக்கையில் அண்ணன். 'விதி' (1984) வசன கேசட்டாகவே ஊரெங்கும் ஒலித்தது. அதைக் குறை சொல்லும் துணிவு இவ்வாய்வாளருக்கு இல்லை. 'பொன்மகள் வந்தாள்' (2020) வேறு ரகம். குற்றம் சாட்டப்பட்டவர் இறந்து பதினைந்து ஆண்டுகள். இறந்தவர் மேல் வழக்கு நிற்காது என்பது ஜூனியர் வக்கீலுக்கும் தெரியும். அங்கே நிற்கிறது. போதாக்குறைக்கு, வாதாடும் வக்கீலே அந்தச் சம்பவத்தின் நேரடிச் சாட்சி! தானே சாட்சியாக வேண்டிய வழக்கில் வக்கீல் ஆஜராகக் கூடாது என்கிறது பார் கவுன்சில் விதி.

நிஜக் கோர்ட்டில் நடப்பது என்ன? டவாலி பெயரை மூன்று முறை கூவுகிறார். கட்சிக்காரர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு ஓடி வருவதற்குள் பெஞ்ச் கிளார்க் அடுத்த தேதியைச் சொல்லிவிடுகிறார். குமாஸ்தா அதைக் கேஸ் கட்டின் மேலட்டையில் குறிக்கிறார். அன்றைய காட்சி முடிந்தது. திரையிலோ, தீர்ப்புக்கு ஒரு நிமிடம் முன்பு பெங்களூரிலிருந்து ரகசிய சாட்சி வந்து இறங்குவார். சில்க் போர்டு சிக்னலில் நின்று பார்த்த ஓசூர்க்காரர் எவரும் இதை ஏற்க மாட்டார்.

இனி எதிர்வாதம்: நிஜக் கோர்ட்டிலும் திருப்பங்கள் உண்டு. ஓசூர் சாலையில் எலெக்ட்ரானிக் சிட்டியை ஒட்டி இருக்கிறது பரப்பன அக்ரஹாரா சிறை வளாகம். ஒரு சொத்துக்குவிப்பு வழக்கு 1996இல் சென்னையில் பதிவாகி, 2003இல் உச்ச நீதிமன்ற உத்தரவால் எல்லை தாண்டியது. எக்கச்சக்க வாய்தாக்களுக்குப் பிறகு 2014 செப்டம்பர் 27இல் அங்கே ஜெயலலிதாவுக்குத் தண்டனை கிடைத்தது. அன்று தொண்டர்களின் வண்டிகள் அத்திப்பள்ளி எல்லையிலேயே நிறுத்தப்பட்டன. 2015 மே 11இல் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. அந்தத் தீர்ப்பின் கடன் பட்டியலைக் கூட்டிப் பார்த்தவர்கள் பதின்மூன்றரைக் கோடி ரூபாய் உதைக்கிறது என்றார்கள். 2017 பிப்ரவரி 14இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை மீண்டும் உறுதி செய்தபோது முதல் குற்றவாளியான ஜெயலலிதா உயிரோடு இல்லை. அவர் அளவில் மேல்முறையீடு அற்றுப்போனது.

கதாநாயகி கிளைமாக்ஸுக்கு முன்பே இறந்துவிடுகிறார், திருப்பம் ஒரு கூட்டல் கணக்கில் இருக்கிறது, கதை இருபது வருடம் ஓடுகிறது. எந்தத் தயாரிப்பாளரும் இதற்கு அட்வான்ஸ் தர மாட்டார். ஆகவே இயக்குநர்களுக்கு ஒரு விண்ணப்பம்: திருப்பத்தை எப்படி வேண்டுமானாலும் வையுங்கள், நம்பித் தொலைக்கிறோம். படத்துக்கு ஒரு வாய்தாவாவது கொடுங்கள்.