சித்தப்பா கிரேன் வாங்கிய கதை

கல்யாணப் பந்தியில் சித்தப்பாவுக்குப் பக்கத்து இலை கிடைத்தால் நாம் எழுந்திருப்பதற்குள் அடுத்த பந்திக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுவிடுவார்கள். போன வைகாசியில் அந்த இலை எனக்கு வாய்த்தது. சித்தப்பா சாம்பாரிலிருந்து ஒரு முருங்கைக்காயை எடுத்துச் சோற்று மேட்டில் சாய்த்து நிறுத்தினார். அதன் நுனியில் ஓர் உளுந்து வடையை மாட்டினார்.

"இதாங் கண்ணு கிரேன். வடைதான் இன்ஜின். ரெண்டு டன் தூக்கும்னு மேல பெயின்ட்ல எழுதியிருப்பான், நம்பாத. கையை உள்ளுக்குச் சுருக்கி வெச்சாத்தான் ரெண்டு டன். ஒரு ஓட்டை தள்ளி நீட்டினா ஒண்ணரை. இன்னொரு ஓட்டைக்குப் போனா ஒண்ணு. கடைசி ஓட்டையில அரை டன்தான்."

சொல்லிக்கொண்டே முருங்கைக்காயை வெளியே இழுத்தார். வடை என் பாயசத்தில் விழுந்தது.

"பாத்தியா?"

பரிமாற வந்த பையன் பாவம் பார்த்து இன்னொரு வடை வைத்தான். அதுவும் இன்ஜின் ஆயிற்று. எதிர் வரிசையில் இருந்த ஒரு பெரியவர், "இதுக்கு என்னத்துக்குங்க இத்தன செரமம்? ஆளு விட்டாத் தூக்கிப் போட்டுருவானுங்க" என்றார். சித்தப்பா அதற்குப் பிறகு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஆளு, கூலி, லேபர் மூன்றும் அவருக்குக் கெட்ட வார்த்தைகள்.

கஞ்சர் என்று நினைத்துவிட வேண்டாம். சாமான் என்றால் அவருக்குக் கை தாராளம். டார்க் ரெஞ்சு வாங்கிய அன்று சித்திக்கும் ஒரு சேலை எடுத்தார். ஆனால் ஒர்க்‌ஷாப் ரசீதில் கடைசி வரியாக 'லேபர்' என்று ஒரு தொகை இருந்தால், அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. கூட்டுறவு வங்கியில் முப்பத்தொரு வருஷம் நகைக்கடன் பிரிவில் உட்கார்ந்து, ஊரார் வீட்டுத் தாலிக்கொடியையெல்லாம் மில்லிகிராம் பிசகாமல் எடை போட்டவர். செய்கூலி, சேதாரம் என்ற பெயரில் ஜனங்கள் எவ்வளவு இழக்கிறார்கள் என்பதைத் தினமும் பார்த்த மனுஷர். ஓய்வு பெற்ற மறுநாளே மில்லிகிராமை விட்டு டன்னுக்குத் தாவிவிட்டார்.

இந்த ஜாதியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் காருக்கு அடியிலிருந்து லுங்கி கட்டிய இரண்டு கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கால் அசைந்தால் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம். வீட்டில் இட்லித் துணி காணாமல் போகும், கிரீஸ் நிறத்தில் திரும்பி வரும். ஊறுகாய் ஜாடியைத் திறந்தால் உள்ளே போல்ட்டு இருக்கும். அதிலும் கோயம்புத்தூரில் இவர்களுக்கு ஒரு குலதெய்வமும் உண்டு: ஜி.டி.நாயுடு. சித்தப்பாவின் கார் ஷெட்டில் பிள்ளையார் காலண்டருக்குப் பக்கத்தில் நாயுடுவின் படம் இருக்கிறது. ஒரு துரையிடம் மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கி, அக்கு அக்காகக் கழற்றித் தானே பூட்டிக் கற்றுக்கொண்டவர் என்று வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் சொல்வார். சித்திக்கும் அந்த வரலாறு மனப்பாடம். "நாயுடு பிரிச்சாரு, பூட்டுனாரு. 1920-ல பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் ஓட்டுனாரு. இங்க பிரிச்சதோட நிக்குது."

நின்றது 1984 மாடல் அம்பாசிடர், மார்க் 4. உத்தரபாரா தொழிற்சாலையில் அம்பாசிடர் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள் என்று 2014-இல் செய்தி வந்தபோது, சித்தப்பா ஷெட்டில் போய் வண்டியின் பானட்டில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். துக்கம் விசாரிக்கிற மாதிரிதான் இருந்தது.

வண்டியின் கோளாறு பெரிதல்ல. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேருகிற கூட்டிலிருந்து ராத்திரிக்கு நாலு சொட்டு ஆயில். சித்தி ஒரு பழைய அலுமினியத் தட்டை அடியில் தள்ளி வைத்துவிட்டு, கோலத்தை இரண்டடி தள்ளிப் போட்டுக்கொண்டார். நாளடைவில் அந்த ஆயில் கிளட்ச் தட்டுக்கும் போய்ச் சேர, மருதமலை ஏற்றத்தில் வண்டி இரைந்ததே தவிர ஏறவில்லை. குடும்பம் இறங்கிப் படி வழியாகப் போய் முருகனைப் பார்த்தது.

"பின்னாடி சீல் போயிருச்சு" என்று சித்தப்பாவே தீர்ப்புச் சொன்னார். பெயருக்கு ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கேட்டார். "இன்ஜினை இறக்கித்தானுங்க கிளட்ச் மாத்தோணும். கூலி ஒரு 6,000 ஆகுமுங்க. அப்புறம் அந்த ஒழுகல் சமாச்சாரம் பாத்தீங்கன்னா..." என்று மேலே ஏதோ சொல்ல வந்தார் மெக்கானிக். சித்தப்பா 6,000 ரூபாயிலேயே எழுந்துவிட்டார்.

இப்படித்தான் தேடல் தொடங்கியது. அம்பாசிடரின் 1489 சி.சி. இன்ஜின் வார்ப்பிரும்பு. கியர்பாக்ஸோடு சேர்த்துத் தூக்கினால் இருநூறு கிலோவை ஒட்டி வரும். சித்தப்பா கணக்கில் எட்டுச் சிப்பம் அரிசி. அந்தக் காலத்து ஒர்க்‌ஷாப்புகள் புளியமரத்தடியில் இருந்தது நிழலுக்காக என்றுதான் நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். கிளைக்காக என்பது சித்தப்பா சொல்லித்தான் தெரியும். கிளையில் ஒரு டன் செயின் பிளாக்கை மாட்டினால் மலிவான கிரேன் அதுதான். சித்தப்பா வீட்டில் இருப்பதோ ஒரு தென்னை, ஒரு முருங்கை. தென்னையில் கிளை கிடையாது. முருங்கையில் வேதாளம் தொங்கும், இன்ஜின் தொங்காது.

அடுத்து போர்டிகோவின் ஊஞ்சல் கொக்கி. செயின் பிளாக்கை அதில் மாட்டி இன்ஜினைத் தூக்கிவிட்டு, காரைப் பின்னால் தள்ளிவிட வேண்டும். தொங்குகிற இன்ஜினை நகர்த்தக் கூடாது, காரைத்தான் நகர்த்த வேண்டும். யோசனை என்னவோ சரிதான். ஆனால் அந்தக் கொக்கி கான்கிரீட்டுக்குள் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது வீடு கட்டிய மேஸ்திரிக்குத்தான் தெரியும், அவர் காலமாகிவிட்டார். சித்தி ஒன்றும் பேசவில்லை. ஊஞ்சலில் வந்து உட்கார்ந்தார். சாயங்காலம் வரை இறங்கவில்லை.

போர் மோட்டார் தூக்குகிறவர்களிடம் இருக்கிற மூன்று கால் ஸ்டாண்டையும் பார்த்தார். காரின் மூக்கு உள்ளே நுழைய வேண்டுமென்றால் காலை அகட்ட வேண்டும், அகட்டினால் உயரம் போச்சு. வழவழவென்ற தரையில் கால் தானாகவே இன்னும் அகலும். அம்பாசிடரில் கியர்பாக்ஸோடு எடுக்கும்போது இன்ஜினை மூக்கு மேலாக நன்றாகச் சாய்த்துத்தான் உருவ முடியும், அதனால் உயரமும் தாராளமாக வேண்டும். "வாடகைக்கு வாங்கலாமே சித்தப்பா" என்றேன். "இறக்க ஒரு நாள் வாடகை, ஏத்த ஒரு நாள் வாடகை, சரி. நடுவுல எத்தனை நாள்னு யாரு கண்டா?" என்றார். தன்னைப் பற்றி இவ்வளவு உண்மையாகப் பேசுகிறவர்கள் குறைவு.

கடைசியில் சக்கரம் வைத்த ஹைட்ராலிக் கிரேன்தான் என்று முடிவாயிற்று. புதிதாக வாங்கினால் இருபதாயிரத்துக்கு மேல். எனவே பழசு. ஒரு குயர் நோட்டில் கட்டம் போட்டு, நாலு மாதம் அலைந்தார். உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் தேநீர்க் கணக்கே வைக்கிற அளவுக்குப் பழகிவிட்டார். ஒரு நாள் ரயில் ஏறி சென்னை புதுப்பேட்டைக்கே போனார். அங்கே இரண்டு பையன்கள் ஒரு பைப்பையும் சங்கிலியையும் வைத்துக் காவடி மாதிரி தோளில் போட்டு ஒரு சின்ன கார் இன்ஜினைத் தூக்கிக்கொண்டு நடந்ததைப் பார்த்துவிட்டு, மனசு சரியில்லாமல் திரும்பி வந்தார். கையில் ஒரு ஹார்ன் மட்டும் இருந்தது.

பிறகு மூடிக் கிடந்த ஒரு ஒர்க்‌ஷாப்பில் 2 டன் கிரேன் ஒன்று 14,000 ரூபாய்க்கு வந்தது. சித்தப்பாவின் உண்மையான திறமையை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டு, நகையில் பற்றவைப்புப் பார்க்கிற மாதிரி, செங்குத்துக் கம்பம் அடிப்பாகத்தோடு சேருகிற வெல்டிங்கை ஓர் அங்குலம் விடாமல் பார்த்தார். ஜாக்கின் பளபளப்பான தண்டில் கீறல் இருக்கிறதா என்று நகத்தால் தடவினார். கீறல் இருந்தால் சீலைத் தின்றுவிடுமாம். கொக்கியில் நாக்குத் தகடு இருக்கிறதா, ஸ்பிரிங் உயிரோடு இருக்கிறதா என்று அழுத்தினார். கடைசியில், அங்கே கிடந்த ஒரு பழைய லாரி கியர்பாக்ஸைத் தொங்கவிட்டு, தண்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, "வா, டீ சாப்பிட்டுட்டு வரலாம்" என்றார்.

அரை மணி கழித்து வந்து பார்த்தால் கோடு உள்ளே போயிருந்தது. இரண்டு விரற்கடை.

"எறங்குதுங்களே" என்றார், அடகு நகையில் செம்பு கண்டுபிடித்த குரலில். விரற்கடைக்கு 750 வீதம் கழித்து 12,500-க்குப் பேசி முடித்தார். வீட்டுக்கு வந்ததும் கிரேனின் ஜாக்கும் ஒழுகியது. சித்தி இன்னொரு தட்டு தேடினார். நல்லவேளை, ஜாக் சீல் செட்டு மலிவு. அதை அவரே மாற்றினார், அது சரியாகவும் வந்தது. இதைச் சொல்லாவிட்டால் எனக்குப் பாவம் வந்து சேரும்.

இன்ஜின் இறக்கிய நாளுக்கு ஒறம்பரையெல்லாம் வந்திருந்தார்கள். பானட் கழன்றது, ரேடியேட்டர் வெளியே வந்தது. தொங்குகிற பாரத்துக்குக் கீழே கையையோ காலையோ நீட்டுகிறவன் தன் சொந்தக்காரனே இல்லை என்று சித்தப்பா அறிவித்தார். குழந்தைகளைச் சித்தி திண்ணையை விட்டு இறங்கவிடவில்லை. பம்ப் அடிக்க அடிக்க, மூக்கைத் தூக்கிக்கொண்டு இன்ஜின் எழுந்தது. உண்மையிலேயே அழகான காட்சி. நாலைந்து பேர் கை தட்டினார்கள். காரைப் பின்னால் தள்ளினோம்.

குயர் நோட்டில் எல்லாம் இருந்தது: கை நீளம், கால் உயரம், கொக்கி உயரம், போர்டிகோ உயரம். வாட்டம் மட்டும் இல்லை. மழைத் தண்ணீர் தெருவுக்கு ஓட வேண்டும் என்று எல்லார் வீட்டு வாசலிலும் கொத்தனார் கேட்டைப் பார்த்து ஒரு வாட்டம் விடுவார் அல்லவா? கிரேனின் சக்கரங்களுக்கு அது தெரிந்திருந்தது. எட்டுச் சிப்பத்தையும் சுமந்துகொண்டு, லேசாக ஆடியபடி, மாசி மாதக் கோனியம்மன் தேர் மாதிரி அது கேட்டை நோக்கிப் புறப்பட்டது. ஆண்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் "புடி, புடி" என்று கத்தினோம், யாரும் பிடிக்கவில்லை. சித்தி சமையலறைக்குள் போய் அம்மிக்குழவியைத் தூக்கி வந்து பக்கவாட்டில் நின்றபடி முன் சக்கரத்துக்கு அடியில் உருட்டிவிட்டார். தேர் நின்றது. முட்டுக்கட்டை போடுகிறவர்களுக்கு ஊரில் தனி மரியாதை உண்டு. சித்திக்கு அன்றைக்கு ஒரு 'தேங்க்ஸ்' கூடக் கிடைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, கியர்பாக்ஸ், கிளட்ச், ஃபிளைவீல் எல்லாம் கழன்ற பிறகு, சித்தப்பா இன்ஜினின் பின்பக்கத்தை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். முன்கூட்டியே வாங்கி வைத்த சீல் கையில் இருந்தது, ஸ்பேருக்கு ஒன்று பையில். அதை மாட்டுவதற்கு அங்கே இடமே இல்லை. வேறு வழியின்றி அதே மெக்கானிக்குக்குப் போன் போயிற்று. அவர் வந்து, சீலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது முன்பக்கத்து டைமிங் கவர் சீலுங்க. பின்னாடி இந்த இன்ஜினுக்குச் சீலே கெடையாதுங்க. மாரிஸ் காலத்து டிசைன். கிராங்க் ஷாஃப்ட்டுல மரை வெட்டியிருக்கான், பாருங்க. சுத்தறப்ப அந்த மரை ஆயிலை உள்ளுக்கே திருப்பி விட்டுரும். வண்டி நின்னா கொஞ்சம் கசியத்தானுங்க செய்யும். ரிங் தேஞ்சா உள்ள பிரஷர் ஏறி இன்னும் கொஞ்சம் தள்ளும். அன்னைக்கே சொல்லலாம்னு பாத்தேனுங்க, நீங்க எந்திரிச்சுட்டீங்க."

சித்தப்பா டார்ச்சை அணைத்தார். "டீ சாப்பிடறீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

புதுக் கிளட்ச் போட்டு, ரிங்கும் மாற்றி, ஆடி கடைசியில் இன்ஜின் உள்ளே போனது. வண்டி இப்போது மருதமலையில் மூன்றாவது கியரிலேயே ஏறுகிறது என்று சித்தப்பா சொல்கிறார், இரண்டாவது என்று சித்தி சொல்கிறார். கிரேனைப் பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டியை நகர்த்துவதற்கு இரவல் வாங்கிப் போயிருக்கிறார், வாடகை இல்லாமல். வண்டி ஓடத் தொடங்கிய மறுநாள் விடிகாலையில் நான் எழுந்து வெளியே வந்தபோது சித்தி வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். குனிந்து காருக்கு அடியில் ஒருமுறை பார்த்தார். திண்ணைக்கு அடியில் கிடந்த அந்த அலுமினியத் தட்டைக் காலாலேயே தள்ளி, பழைய இடத்துக்கு நேராக வைத்தார். பிறகு இரண்டடி தள்ளிப் புள்ளி வைக்கத் தொடங்கினார்.